சுவரும் சந்தையும்: மார்க் ரொத்கோவின் ஓவிய வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

அரூப ஓவியம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடையே இரு குரல்கள் ஒலிப்பது வழக்கம். ஓவியத்தைச் சமூகத்தினின்றும் முற்றாகப் பிரித்து, நிறம், கோடு, வெளி என்பவற்றின் இசைவாக மட்டுமே அதனைக் காண்பது ஒரு குரல். மேலைத்தேய முதலாளித்துவச் சந்தை தன் தேவைக்கெனத் தோற்றுவித்த பண்டம் என ஒரே வாக்கியத்தில் அதனை ஒதுக்கிவிடுவது மற்றைய குரல். முதலாவது குரலுக்கு ஓவியத்தின் விலை ஒரு பொருட்டன்று. இரண்டாவது குரலுக்கு விலையைத் தவிர வேறெதுவும் பொருட்டன்று. ஓவியம் ஏதோ ஒரு சுவரிலேதான் தொங்குகின்றது என்பதையும், அந்தச் சுவர் யாரோ ஒருவருக்குச் சொந்தமாக இருக்கின்றது என்பதையும் இரு சாராருமே போதிய அளவு கருத்திற் கொள்வதில்லை. அமெரிக்க ஓவியர் மார்க் ரொத்கோவின் (1903–1970) வாழ்வை, அவர் தம் படைப்புக்களைக் காட்சிக்கு வைத்த கூடங்களின் வரலாறாகப் படித்துப் பார்ப்பின் இவ்விரு நிலைப்பாடுகளினதும் போதாமை புலனாகும்.

ரொத்கோவின் முதிர்ந்த காலத்து ஓவியங்களை அச்சிட்ட படங்களில் மட்டும் கண்டவர்களுக்கு அவை ஏமாற்றத்தையே தரும். ஆளுயரத்துக்கு மேற்பட்ட கன்வஸ்; அதிலே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அல்லது மூன்று நீள்சதுரங்கள்; அவற்றின் ஓரங்கள் தெளிவாக வரையப்படாது பின்னணி நிறத்தினுட் கரைந்து நிற்கும். மிக மெல்லிதாகக் கரைத்த வர்ணத்தைப் படைமேற் படையாகப் பூசியிருப்பதனால், ஒளி மேற்பரப்பிலே பட்டுத் திரும்பாது உள்ளிருந்து கசிவதுபோலத் தோன்றும். உருவ ஓவியமொன்று எத்துணை மோசமான சுவரிலே தொங்கினும் ஒரு முகத்தையோ ஒரு மரத்தையோ நமக்குக் காட்டத் தவறாது. ரொத்கோவின் ஓவியமோ ஒவ்வாத சுவரில் வெறும் நிறத்துணியாகிவிடும். பார்ப்பவனுக்கும் கன்வசுக்கும் இடையேயுள்ள தூரம், அறையின் வெளிச்சம், நிலத்திலிருந்து ஓவியம் தொங்கும் உயரம், அயலிலே தொங்கும் மற்றோர் ஓவியம் ஆகிய யாவும் இங்கு ஆக்கத்தின் உறுப்புகளாகின்றன.

இதனை ஓவியரே நன்கறிந்திருந்தார். 1961ஆம் ஆண்டு இலண்டன் வைற்சப்பல் கூடத்தில் அவரது காட்சி நடைபெற்றபோது அவர் அனுப்பிய அறிவுறுத்தல்கள் இதற்குச் சான்றாகும். சுவர் தூய வெண்மையாக இருத்தலாகாது. சற்றுக் கபிலமும் சிவப்பும் கலந்த மங்கல் வெள்ளையாக இருத்தல் வேண்டும். ஒளி மிகையாதலும், ஒளிக்கற்றைகளை ஓவியத்தின்மீது பாய்ச்சுதலும் கூடா. பெரிய ஓவியங்கள் நிலத்திலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேற்படாமல் தொங்கவேண்டும். ஆறு அங்குலம் என்று அளந்து சொல்லும் ஓவியரைப் பிடிவாதக்காரர் எனக் கூறிச் சிரிப்பது எளிது. ஆனால் செய்யுளில் அசையும் சீரும் எவ்விடத்தைப் பெறுகின்றனவோ அவ்விடத்தையே இவ்வளவுகள் அவரது ஓவியத்திற் பெற்றிருந்தன. சுவர் ஆக்கத்தின் உறுப்பாயின், சுவருக்குரியவரும் ஆக்கத்தினுள்ளே நுழைந்துவிடுகிறார். ரொத்கோவின் வாழ்வு முழுவதும் இச்சிக்கலோடு நடத்திய போராட்டமே எனக் கூறலாம்.

ரஷ்யப் பேரரசின் திவின்ஸ்க் நகரில் (இன்று லற்வியாவின் டவுகவ்பில்ஸ்) யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, பத்தாம் வயதில் அமெரிக்காவின் போட்லண்ட் நகருக்குக் குடிபெயர்ந்தவர் அவர். யேல் பல்கலைக்கழகக் கல்வியை 1923இல் இடையில் விட்டு நியூயோர்க் சேர்ந்தார். 1928இல் கூட்டுக் காட்சியொன்றிற் பங்குபற்றினார். 1933இல் போட்லண்ட் நூதனசாலையில் முதலாவது தனிக்காட்சி நடைபெற்றது. தாம் ஓவியம் கற்பித்த சிறுவர்களின் ஆக்கங்களையும் அங்கு தமது ஆக்கங்களுடன் சேர்த்து வைத்திருந்தார் என்பது சுவையான செய்தி. புரூக்ளின் யூத நிலையப் பாடசாலையில் 1929 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறுவருக்குக் கற்பித்தே அவர் வயிறு வளர்த்தார். 1945இல் பெக்கி குகன்ஹைமின் கூடத்தில் தனிக்காட்சி வைத்தபோதும் சில ஓவியங்களே விலைபோயின.

1947இல் பெக்கி குகன்ஹைம் ஐரோப்பாவுக்குத் திரும்ப, அவரது ஓவியர் சிலரைப் பெற்றி பார்சன்ஸ் ஏற்றுக்கொண்டார். 57ஆம் வீதியிலிருந்த பார்சன்ஸ் கூடம் 1947 முதல் 1951 வரை ஆண்டுதோறும் ரொத்கோவுக்குத் தனிக்காட்சி அளித்தது. என் நோக்கில் அவரது தொழில் வாழ்வின் மிக முக்கியமான கட்டம் இதுவே. பார்சன்ஸ் தாமும் ஓர் ஓவியர். தளபாடமோ அலங்காரமோ இல்லாத வெறுஞ்சுவர்களை அவர் ஓவியர்களிடம் ஒப்படைத்தார். அவர்களே தம் ஆக்கங்களைத் தூக்கினார்கள். பார்னற் நியூமன் போன்றோர் ஒருவர் காட்சியை மற்றொருவர் அமைக்க உதவினார்கள். 1947இல் மிதக்கும் உயிரின வடிவங்களை வரைந்துகொண்டிருந்த ரொத்கோ, 1949–50 அளவில் மேற்கூறிய நீள்சதுர அமைப்பை வந்தடைகின்றார். ஆண்டுதோறும் ஒரு வெறும் அறை கிடைத்ததும், அந்த அறையை நிரப்பும் ஓவியத்தொகுதியை ஒரே ஆக்கமாகச் சிந்திக்கும் பழக்கம் ஏற்பட்டதும் இம்மாற்றத்துக்குத் துணைநின்றன என்றே கருதவேண்டியுள்ளது. நிறவெளி ஓவியத்தை உள்ளத்தின் ஆழத்திலிருந்து மட்டும் விளக்கும் விமரிசகர்கள் அந்த அறையையும் ஒருமுறை எண்ணிப்பார்த்தல் நன்று.

ஆனால் வெறும் அறை சோறு போடாது. பொலொக், நியூமன், ஸ்ரில், ரொத்கோ ஆகியோர் பார்சன்ஸை அணுகி, ஏனைய ஓவியர்களை விலக்கித் தங்களில் மட்டுமே கவனஞ் செலுத்துமாறு கேட்டனர். அவர் மறுத்துவிட்டார். இச்சம்பவத்தைப் பார்சன்ஸின் வணிகத் திறமையின்மைக்கு உதாரணமாகக் காட்டுவோர் பலர். புகழ்பெறாத ஓவியர்க்கும் தம் சுவரில் இடமுண்டு என்று நின்ற ஒரு பெண்ணின் நேர்மையாகவே நான் அதனைக் காண்கிறேன். சிறியவர்களை வெளியேற்றுங்கள் என்று கேட்டவர்கள், முந்திய ஆண்டிலேதான் பெருங்கலை நிறுவனமொன்று புதிய ஓவியத்துக்கு இடமளிக்கவில்லையென்று பகிரங்கக் கடிதம் எழுதியவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1954இல் ரொத்கோ சிட்னி ஜனிஸ் கூடத்துக்கு மாறினார். அதே கட்டிடத்தில், அதே மாடியில், பார்சன்ஸுக்கு எதிர்ப்புறமாக இருந்த கூடம் அது. ஜனிஸ் முன்னர் சேட்டு உற்பத்தி செய்து பொருளீட்டியவர். அவ்வாண்டிலேயே புரூக்ளின் கல்லூரியில் ரொத்கோவுக்கு நிரந்தர நியமனம் மறுக்கப்பட்டது என்ற செய்தியையும் இதனோடு சேர்த்தே நோக்கவேண்டும். ஐம்பது வயதை அடைந்த மனிதர், மனைவியும் சிறுகுழந்தையும் உள்ளவர், ஆசிரியச் சம்பளம் போனபின் எந்தக் கதவைத் தட்டினார் என்பதில் வியப்பில்லை. தோழர்கள் மன்னிக்கவில்லை. நியூமன் 1955இல் ஜனிசுக்கே கடிதமெழுதி ரொத்கோவைச் சாடினார். ஸ்ரிலுடனான நட்பும் முறிந்தது. அவ்வாண்டு ‘போர்ச்சூன்’ என்ற வர்த்தக சஞ்சிகை, வாழும் ஓவியர் சிலரது ஆக்கங்கள் நல்ல முதலீடாகலாம் எனக் குறிப்பிட்டபோது ரொத்கோவின் பெயரும் அங்கு இடம்பெற்றது. 1952இல் விற்னி நூதனசாலை தன் கொள்வனவுக் குழுவின் பார்வைக்கு ஓவியம் அனுப்பக் கேட்டபோது, தன் ஓவியங்கள் வெளியுலகில் வாழப்போகும் வாழ்வுக்குத் தாமே பொறுப்பென்று கருதி மறுத்தவர், மூன்றே ஆண்டுகளில் முதலீட்டுப் பட்டியலொன்றில் இருந்தார்.

சீகிராம் சுவரோவியங்களின் கதை பலமுறை சொல்லப்பட்டது, நாடகமாகவும் வந்துள்ளது. 1958இல் நியூயோர்க்கின் சீகிராம் கட்டிடத்திலமைந்த ‘போர் சீசன்ஸ்’ உணவகத்துக்கு ஓவியத்தொகுதி செய்யும் பொறுப்பை 35,000 டொலருக்கு ஏற்றார். முன்னர் உடற்பயிற்சிக்கூடமாக இருந்த இடமொன்றை வாடகைக்கெடுத்து, உணவகத்தின் அளவில் மரச்சட்டகம் அமைத்து, சிவப்பும் கபிலமும் கருமையுமாக ஏறத்தாழ முப்பது கன்வஸ்களைத் தீட்டினார். 1959இல் மனைவியுடன் அங்கு உணவருந்தச் சென்றார்; அவ்விடத்துச் செல்வச் செருக்கைக் கண்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகினார். சந்தையை வென்ற கலைஞன் என்று இக்கதையை முடித்துவிடுவது வழமை.

அவ்வாறு முடிப்பது சரியன்று. அவ்வுணவகத்தின் உள்ளமைப்பைச் செய்தவர் கட்டிடக்கலைஞர் பிலிப் ஜோன்சன். ரொத்கோவின் ஓவியமொன்றை 1952இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலைக்கு அன்பளிப்புச் செய்தவரும் அவரே. நூதனசாலைச் சுவரும் உணவகச் சுவரும் ஒரே கையிலிருந்து வந்தன. மேலும், உணவகத்தை மறுத்த ஓவியர், சில ஆண்டுகளில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ஹோலியோக் நிலையத்துக்குச் செய்தளித்த ஐந்து சுவரோவியங்கள் தொங்கிய இடமும் ஒரு போசன அறைதான்! பல்கலைக்கழகத்துப் போசனம் செல்வர் போசனத்திலும் தூயது என அவர் நம்பினார் போலும். பல்கலைக்கழகத்தில் இருக்கும் நாம் அந்நம்பிக்கையின் பெறுமதியை அறிவோம்.

அவர் விரும்பிய சுவர் ஒருமுறையேனும் முழுமையாகக் கிடைத்தது என்றால், அது வொஷிங்டனில் டங்கன் பிலிப்ஸ் தம் சேகரிப்பில் 1960இல் அமைத்த சிறிய அறையே. மூன்று ஓவியங்கள்; பின்னர் 1964இல் நான்காவது. 1961இல் அங்கு சென்ற ரொத்கோ, இருப்பதற்கு ஒரு வாங்கு மட்டும் போதும் எனக் கேட்டுக்கொண்டார். அதே ஆண்டில் நவீன கலை நூதனசாலை அவரது ஆக்கங்களின் பெருங்காட்சியை நடத்தியது. அது இலண்டன், அம்ஸ்ரடாம், பிரசெல்ஸ், பாசல், ரோம், பரிஸ் ஆகிய நகரங்களுக்குச் சென்று 1963இல் முடிவடைந்தது.

இப்பயணக் காட்சிகளை முன்வைத்தே இரண்டாவது குரல் தன் வாதத்தை எழுப்புகின்றது. அமெரிக்க அரூப ஓவியம் கெடுபிடிப் போரின் ஆயுதமாகப் பயன்பட்டது என்று ஈவா கொக்குறொவ்ற் 1974இல் எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பம். நூதனசாலைகளை நடத்தியோர்க்கும் அமெரிக்க அரச நலன்களுக்கும் இருந்த தொடர்பை அது வெளிக்கொணர்ந்தது; அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஓர் ஓவியத்தைக் கப்பலேற்றியவரின் நோக்கம் அந்த ஓவியத்தின் பொருளாகிவிடாது. சுதந்திர உலகின் உற்சாகத்தை விளம்பரப்படுத்த விரும்பியவர்கள், நாளுக்கு நாள் இருண்டுகொண்டு போன ரொத்கோவின் அறைகளில் எதனைக் கண்டிருப்பர் என்பது எனக்கு விளங்கவில்லை. பயன்படுத்தப்பட்டார் என்பது வேறு; பயன்பாட்டுக்கெனப் படைத்தார் என்பது வேறு. நம் விமரிசனத்தில் இவ்வேறுபாடு அடிக்கடி மறக்கப்படுகின்றது.

1962இன் இறுதியில் ஜனிஸ் கூடம் வார்ஹோல், லிக்ரென்ஸ்ரைன் முதலிய இளைய ‘பொப்’ ஓவியர்களுக்குக் காட்சி நடத்தியது. எதிர்ப்புத் தெரிவித்து ரொத்கோ, மதர்வெல், கஸ்ரன், கொற்லீப் ஆகியோர் அக்கூடத்தை விட்டு வெளியேறினர். பார்சன்ஸிடம் ஏனையோரை விலக்கச் சொன்னவர்களில் ஒருவர், பத்தாண்டுகளின் பின் புதியவர் வருகையைப் பொறாது தாமே விலகினார். இங்கு கொள்கையும் அச்சமும் எவ்வளவு கலந்திருந்தன என்று பிரித்தறிதல் கடினம்.

அடுத்து வந்தது மார்ல்பரோ. வியன்னாவிற் பிறந்த பிராங்க் லொயிட், பங்காளர் ஒருவருடன் 1946இல் இலண்டனில் ஆரம்பித்த இந்நிறுவனம், ஓவிய வணிகத்தைப் பன்னாட்டுக் கொம்பனியாக மாற்றியது. 1963இல் ரொத்கோ அதற்குப் பதினைந்து ஓவியங்களை விற்றார். பணம் தவணைகளாக வந்தது. எஞ்சியவற்றைத் தம் வேலைத்தளத்திலேயே வைத்திருந்தார். விலை ஏறும்வரை பதுக்கினார் என்பர் சிலர். பிள்ளைகளைப் பிரிய மனமில்லாத தந்தை என்பர் சிலர். இரண்டும் ஒருசேர உண்மையாயிருத்தல் கூடும். அவரது கணக்காளரும் நண்பருமான பேர்னாட் ரீஸின் ஆலோசனைப்படியே காரியங்கள் நடந்தன. 1969இல், நோயுற்று, குடும்பத்தையும் பிரிந்திருந்த நிலையில், எண்பத்தேழு ஆக்கங்களைப் பத்து இலட்சத்து ஐம்பதாயிரம் டொலருக்கு விற்று, எட்டு ஆண்டுகளுக்கு மார்ல்பரோவுக்கே ஏகபோக உரிமை அளித்து ஒப்பமிட்டார். ஆறு அங்குலத்தை அளந்து சொன்ன ஓவியர், இந்த ஒப்பந்தத்தின் வாசகங்களை அதே கூர்மையுடன் அளக்கவில்லை.

1970 பெப்ரவரி 25ஆம் நாள் தம் வேலைத்தளத்தில் அவர் தற்கொலை செய்துகொண்டார். சீகிராம் தொகுதியிலிருந்து ரேற் கூடத்துக்கு அவர் அன்பளிப்புச் செய்த ஒன்பது ஓவியங்கள் இலண்டனை அடைந்ததும் அன்றுதான்.

அவர் விட்டுச்சென்ற ஆதனத்தில் 798 ஓவியங்கள் இருந்தன. மரணசாதன நிறைவேற்றாளர் மூவர்: ரீஸ், ஓவியர் ஸ்ராமொஸ், மானிடவியற் பேராசிரியர் லெவின். மூன்று மாதங்களுக்குள் அவர்கள் நூறு ஓவியங்களைப் பதினெட்டு இலட்சம் டொலருக்கு, பன்னிரண்டு ஆண்டுத் தவணையில், வட்டியின்றி மார்ல்பரோவுக்கு விற்றனர். எஞ்சிய 698 ஓவியங்களையும் ஐம்பது வீதம்வரை தரகு கொடுக்கும் நிபந்தனையில் அதனிடமே ஒப்படைத்தனர். ரீஸ் அவ்வேளை மார்ல்பரோவின் பணிப்பாளர். ஸ்ராமொஸ் விரைவில் அதனோடு ஒப்பந்தஞ் செய்துகொண்ட ஓவியர். 1971இல் ரொத்கோவின் இருபது வயது மகள் கேற் வழக்குத் தொடுத்தார். 1975 டிசெம்பரில் நீதிபதி மிடொனிக் நிறைவேற்றாளர் மூவரையும் நீக்கி, ஒப்பந்தங்களை இரத்துச் செய்து, நட்டஈடும் தண்டமுமாக ஏறத்தாழ 92 இலட்சம் டொலர் செலுத்தப் பணித்தார். 1977இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. சான்றுகளைத் திரித்தமைக்காக லொயிட் 1983இல் குற்றவாளியாகக் காணப்பட்டார்.

மூவருள் பேராசிரியரின் நிலை நம் சிந்தனைக்குரியது. அவர் மார்ல்பரோவிடமிருந்து எதுவும் பெறவில்லை. மற்றைய இருவருக்கும் இருந்த நலன்முரண்பாட்டை அறிந்தும் இணங்கிச் சென்றார். சட்ட ஆலோசனையை நம்பினேன் என்ற அவரது விடையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இவ்வழக்கை, பேராசை கொண்ட வணிகனுக்கும் ஏமாற்றப்பட்ட கலைஞனுக்குமிடையே நிகழ்ந்த கதையாகச் சுருக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ரீஸைத் தெரிந்தெடுத்தவர் ரொத்கோ. ஓவியங்கள் சிதறாது காக்கப்படவேண்டும் என்ற விருப்பத்தினாலேயே அவர் அவற்றை விற்காது குவித்தார். அக்குவியலே மொத்தமாகக் கைமாற்ற வசதியான சரக்காயிற்று. 1969இல் நிறுவப்பட்ட ரொத்கோ மன்றத்தின் நோக்கம் முதிய ஓவியர்க்குப் பண உதவியா, ஓவியங்களைத் தொகுதிகளாகப் பேணுதலா என்பதிற்கூடப் பிணக்கு எழுந்தது. தன் சுவரைக் குறித்து இத்துணை எழுதிய ஒருவர் இதனைத் தெளிவாக எழுதி வைக்காமை ஓவியரின் குறையே. வழக்கின்பின் திருத்தியமைக்கப்பட்ட மன்றம் 1980களின் நடுப்பகுதியில் ஓவியங்களை நூதனசாலைகளுக்குப் பகிர்ந்தளித்தது. பெரும்பங்கு வொஷிங்டன் தேசிய கலைக்கூடத்துக்குச் சென்றது. இதுவும் சுவர்களின் தெரிவே. இத்தெரிவை ஒரு நீதிமன்றமும் ஒரு மகளின் பிடிவாதமும் சாத்தியமாக்கின.

சந்தை ஓயவில்லை. 2012இல் அவரது 1961ஆம் ஆண்டு ஓவியமொன்று நியூயோர்க் ஏலத்தில் எட்டுக் கோடியே 69 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. 1846இல் தோன்றிய நொட்லர் கூடம் 2004இல் 83 இலட்சம் டொலருக்கு விற்ற ‘ரொத்கோ’ போலியென வெளியாகி, அக்கூடம் 2011இல் மூடப்பட்டபின், 2016இல் நீதிமன்றத்தில் விசாரணைக்குட்பட்டது. மார்ல்பரோவும் 2024இல் மூடப்பட்டது.

ஹாவார்ட் ஓவியங்களுக்கு நேர்ந்ததை இறுதியாகக் குறிப்பிடவேண்டும். போசன அறையின் யன்னற் திரைகள் மூடப்பட்டிருத்தல் வேண்டுமென்பது ஏற்பாடு. வந்தவர்கள் வெளிக்காட்சியை விரும்பித் திரைகளை விலக்கினார்கள். ரொத்கோ பயன்படுத்திய சிவப்பு நிறமி வெயில் தாங்காதது. கருஞ்சிவப்பு வெளிறி நீலமாயிற்று. 1979இல் ஓவியங்கள் கழற்றிக் களஞ்சியத்திலிடப்பட்டன. மேற்பூச்சில்லாத அப்பரப்பில் புது வர்ணம் தீட்டுவது அவர் ஆக்கத்தையே அழிப்பதாகும். ஆகவே 2014இல் அவற்றை மீண்டும் காட்சிக்கு வைத்தவர்கள், பழைய வர்ண நிழற்படங்களைத் துணைக்கொண்டு இழந்த நிறத்தைக் கணித்து, ஒளியெறி கருவிகளால் கன்வஸ்மீது வீழ்த்தினார்கள். ஒவ்வொரு நாளும் மாலை நான்கு மணிக்கு அக்கருவிகள் ஒவ்வொன்றாக அணைக்கப்பட்டன. வெளிறிய துணியைக் காண்பதற்கென்றே அந்நேரத்தில் வந்து நின்றவர்களும் இருந்தனர்.